நாற்பத்திரண்டு டிகிரி

வண்ணார்பேட்டை கூரியர் கடையில்
மூன்று நாளாகக் கிடந்திருக்கிறது என் என்சைம்.
'மருந்துன்னு நினைச்சு ஓரமா வச்சேன் மேடம்'
என்கிறார் செய்யது மசூது.
தெர்மாகோல் பெட்டியில்
ஐஸ் இருந்த இடத்தில் வெறும் ஈரம்.
பக்கத்து மீன்வண்டியில் பத்து ரூபாய்க்கு
உடைத்த ஐஸ் வாங்கி அமுக்கி,
சாளை வாசனையோடு
முருகன்குறிச்சி சிக்னலில் நிற்கிறேன்.
எண்பது நொடிச் சிவப்பு.

சினிமாவில் எங்கள் ஊர் என்றால்
ஆளுக்கொரு அரிவாள் கொடுப்பார்கள்.
எனக்கும் ஒன்று உண்டு.
இருபது மைக்ரோலிட்டர்.
பார்த்தால் தண்ணீர், கொஞ்சம் கெட்டி.
குடலில் வாழும் ஒரு பாக்டீரியா
தன் வீட்டுக்குள் நுழையும் வைரஸை வெட்ட
வைத்திருந்தது.
நாங்கள் இரவல் வாங்கினோம். கேட்காமல்.

கண்ட இடத்தில் இறங்காது அது.
ஜி ஏ ஏ டி டி சி.
எதிர் இழையை எதிர்த் திசையில் படித்தாலும்
அதே ஆறெழுத்து.
மாலைமாற்று தெரிந்த அரிவாள்.
அதிலும் நேராக வெட்டாது, படி வைத்து வெட்டும்;
இருபுறமும் நான்கெழுத்து
வாலாய்த் தொங்கும், ஜோடி தேடி.

இலை களக்காட்டிலிருந்து வந்தது.
ஆவுடையப்பன் தோட்டம், இரண்டு ஏக்கர் ஏத்தன்.
குருத்தெல்லாம் மேலே போக வழியில்லாமல்
ஒரே இடத்தில் நெருக்கி நின்றன,
கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.
முடிக்கொத்து.
அரைத்து, பீனால் நாற்றம் குடித்து,
ஆல்கஹாலில் நூலாய் மிதந்ததைச் சுருட்டி
வைரஸின் ஒரே ஒரு ஜீனை
முப்பது சுற்று நகலெடுத்தேன்.
ஒன்று இரண்டு, இரண்டு நான்கு,
முப்பதாவதில் நூற்றியேழு கோடி.
கணக்குப்படி.
கணக்கில் கரண்ட் போவதில்லை.

ஒட்டுவதற்கு லைகேஸ்.
பதினாறு டிகிரியில் ராத்திரி முழுக்க.
ஒன்றரை மணிக்குப் போனது.
நாறும்பூ அண்ணாச்சி ஜெனரேட்டரை உதைக்கிறார்,
டீசல் இல்லை என்கிறார்,
அதன்பிறகும் ஒருமுறை உதைக்கிறார்.
'ஏட்டி எப்சிபா, ஐஸ் மிச்சம் கெடக்கா?'
கிடந்தது. சாளை ஐஸ்தான்.
ஒருத்தி ஐஸ் போட, ஒருத்தி தண்ணீர் ஊற்ற
செல்போன் வெளிச்சத்தில் தெர்மாமீட்டர்:
பதினைந்து, பதினேழரை, பதினாறு,
பதினாறு.

மறுநாள் மதியம்.
ஐஸில் உறைந்து நிற்கும் பாக்டீரியாவைத்
தூக்கி நாற்பத்திரண்டு டிகிரி நீரில் வைத்தால்
தொண்ணூறு நொடி கதவு திறக்கும்.
வெளியே அக்னி நட்சத்திரம்.
பாளையங்கோட்டையும் அன்று நாற்பத்திரண்டு.
'நாமளும் அதே சூட்டுலதான நிக்கோம்,
நம்ம மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறலயே'
என்றாள் எப்சிபா.
சிரித்ததில் தொண்ணூற்றிமூன்று ஆகிவிட்டது.
நோட்டில் அப்படியே எழுதினேன்.

ஆம்பிசிலின் தட்டில்
பிழைத்தவை இருநூற்றுச் சொச்சம்.
நீலம், நீலம், நீலம்.
நீலம் என்றால்
வளையம் யாரையும் சேர்க்காமல்
தன் வாலைத் தானே கவ்விக்கொண்டது.
ஓரத்தில், மூடி வியர்த்த துளிக்குப் பக்கத்தில்
ஒரு வெள்ளை.
பல்குச்சி முனையால் தொட்டெடுத்தேன்,
மூச்சு அதன்மேல் படாமல்.

வளர்த்து, திரும்ப வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டேன்.
சின்னது முந்தும். பெரியது பின்தங்கும்.
விளக்கைப் போட்டால் ஆரஞ்சில் ஒரு கோடு,
வளையத்துடையது, சரியான உயரத்தில்.
கீழே இரண்டாவது
இருக்கலாம்.
கண் ஆசைப்பட்டால் கோடு தெரியும்.

அப்போதுதான் போன்.
'அம்மா, ஆவுடையப்பன் பேசுதேன்.
புதுக் கன்னு எடுக்கணும்.
சீக்கு இருக்கா இல்லையான்னு
நட முன்னாலயே பாக்கலாம்னு சொன்னியள்லா,
அது வந்துட்டா?'

இன்னும் இல்லை என்றேன்.
ஒரு கோடு தெரிகிறது என்றேன்.
அவர் கோடு எதையும் கேட்கவில்லை.
'சரிம்மா' என்று போனை வைக்க மறந்துவிட்டார்.

காதில் அவர் தோட்டம்.
ஒவ்வொரு மரமாய்
ஈரத் தண்டில் அரிவாள் இறங்குகிறது,
எந்த எழுத்தையும் பார்க்காமல்.