முந்நூறு கிராம் மழை

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை,
அதனால் எழுதுகிறேன்:
சோம்பா. பிப்ரவரி, செவ்வாய், மாலை நான்கு.
மின்சாரம் இல்லை. தகரக் கூரைமேல் மழை.
மேசை நடுவே மல்லாந்து கிடக்கும் தொலைபேசிக்குள்
மூன்று நாடுகள் தொண்டையைச் செருமுகின்றன.
பூனோவில் காலை ஒன்பதாம்,
வியன்டியானில் இரவு ஒன்பதாம்,
ஸிந்தரில் இலியாசு வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறான்.

முதல் பொருள்: பெயர்.
குழந்தைகள் என்ன தின்கிறார்கள், ஏன் வளரவில்லை என்று
ஆளுக்கொரு மூலையில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.
ஒரு வட்டமாகக் கூடலாம்.
கூடலாம், சரி, வட்டத்துக்குப் பெயர்?
எர்மெலிந்தா "விதை" என்றாள்.
பௌன்மி "கிண்ணம்" என்றான், பிறகு
கிண்ணம் காலியாகவும் இருக்கலாமே என்று
தானே திரும்ப எடுத்துக்கொண்டான்.
நாற்பது நிமிடம்.

இரண்டாம் பொருள்: யார் யார் சேரலாம்.
மருத்துவர்கள். புள்ளியியலார். முனைவர் பட்ட மாணவர்கள்.
எடை போடுகிறவர்கள்? என்று கேட்டேன்.
அவர்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர் ம்க்வான்டா.
"பிறகு" என்று எழுதிக்கொண்டேன்.

எடை போடுகிறவள் ஒருத்தி அறையிலேயே இருந்தாள்.
மங்கோச்சியிலிருந்து தராசைத் திருப்பித் தர வந்த ஃபெய்னஸ்,
கதவோரம், மடியில் குடை,
காலடியில் சிறு குட்டை.

வேறு ஏதும் உண்டா என்று
வழக்கத்துக்குக் கேட்டார் டாக்டர்.
உண்டு, என்றாள்.

சிச்சேவாவில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்:

காலையில் காய்ந்த துணியைத் தராசில் மாட்டி
முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
பள்ளிக்கூடக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
குழந்தைகளும் நனைந்துதான் வந்தார்கள்.
ஒவ்வொருவனாக அந்தத் துணியில் உட்காரவைத்து
முள் காட்டியதை எழுதினேன்.
சாயங்காலம் எல்லாரும் போன பிறகு
வெறும் துணி தொங்குகிறது,
முள் முந்நூறில் நிற்கிறது.

நாற்பத்தொரு குழந்தைகள்.
பழைய மக்காச்சோளம் தீர்ந்து
புதியது பால்பிடிக்காத மாதம்.
எந்த மாதத்தில் பசியோ
அதே மாதத்தில்தான் மழையும்.

அயிபு என்று ஒருவன், பதினைந்து மாதம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்று
சிபோண்டே பொட்டலம் தராமல் அனுப்பிவிட்டேன்.
அவன் அம்மா சிரித்துக்கொண்டே போனாள்.
சதை என்று நான் எழுதியது
தண்ணீர்.

யாரும் பேசவில்லை.
கூரை மட்டும் பேசியது.

பிறகு பூனோ:
இங்கே குளிர். தாய்மார் கம்பளியை அவிழ்க்கமாட்டார்கள்.
கம்பளிக்கென்று அறுநூறு கிராம் கழிக்கிறோம்.
அந்த அறுநூறை யார் நிறுத்தது?
யாருமில்லை. நான்தான்,
ஒரு மத்தியானம், நாற்காலியில் சாய்ந்தபடி.

இலியாசு வண்டியை ஓரங்கட்டியது கேட்டது.
பிறந்த தேதி யாருக்கும் தெரியாது, என்றான்.
கம்பு அறுப்புக்கு முன்னா பின்னா என்று கேட்பேன்,
அதுவும் தெரியாதென்றால் ஜனவரி ஒன்று.
என் ஏடுகளில்
ஒரு வட்டாரமே ஒரே நாளில் பிறந்திருக்கிறது.
அதை வைத்துக் கட்டுரையும் எழுதினேன்.
பரிசும் கொடுத்தார்கள்.

பௌன்மி ஏதோ தொடங்கினான்.
"மூன்று வருஷமாக நான்..." என்றான்,
இணைப்பு அறுந்தது.
இரண்டு முறை அழைத்தோம். மணி போகவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
இதையெல்லாம் குறிப்பில் எழுத வேண்டுமா என்றேன்.
பெயரைப் பற்றி எழுதியதை அடித்துவிடு,
இதை எழுது, என்றார்.

ஃபெய்னஸுக்கு எங்கள் வட்டம் புரிந்ததா, தெரியாது.
அவள் கேட்டது ஒன்றுதான்:
நாளைக்கு வண்டி கிடைக்குமா?
ஈரத்தைக் கழித்து மறுபடி எழுதணும்.
வாரம் ஒன்று ஆகிவிட்டது.

முடிவுகள்:
பெயர், அடுத்த கூட்டத்துக்கு.
வண்டி, காலை ஆறு மணிக்கு.
தராசு ஒன்று. காய்ந்த துணிகள் பன்னிரண்டு,
பிளாஸ்டிக் பையில், இறுக்கிக் கட்டி.
சிபோண்டே இரண்டு பெட்டி.
வருகை: ஐவர் என்று எழுதியிருந்தேன்.
திருத்தினேன். ஆறு.