அங்க அடையாளங்கள்

கிடாரிப்பட்டி விலக்கு தாண்டி
அழகர்மலையைப் பார்த்துப் போகும் சாலை.
மாசி பதினெட்டு.
புளியும் வேம்பும் போக
நாற்பத்தொரு மரத்தில் ஓர் இலை கிடையாது.

படிவத்தில் நான்கு கட்டம்:
எண், பெயர், சுற்றளவு, நிலை.
நிலைக்கு இரண்டே சொல் அச்சிட்டிருக்கிறார்கள்,
உயிர் அல்லது பட்டது.
ஒன்றை அடிக்க வேண்டும்.

"பூரா மொட்டை மேடம்.
பட்டதுன்னு போட்டுட்டு வெயிலுக்கு முந்திக் கெளம்புங்க"
என்கிறார் அய்யங்காளை, காண்ட்ராக்டரின் ஆள்.
பட்ட மரத்துக்குப் பதில் மரம் நட வேண்டியதில்லை.
நல்ல மனிதர். எனக்கு மோர் வாங்கி வைத்திருக்கிறார்.

என் மாற்றுச் சான்றிதழில்
முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு,
வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்.
நான் நான்தான் என்பதற்கு
இவ்வளவு போதும் என்று தலைமையாசிரியர்
கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கிறார்.

அதனால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

இலை சும்மா விழுவதில்லை.
காம்பு ஒட்டியிருந்த இடத்தை
மூடித் தழும்பாக்கிவிட்டுத்தான் விழுகிறது.
தழும்புக்குள் புள்ளிகள்: நீர் போய்வந்த வாய்கள்.
அதற்கு மேலே, கடுகளவில்,
அடுத்த மழைக்கான மூட்டை.

தழும்பு எதிரெதிரே ஜோடியாக,
கிள்ளினால் பால் என்றால் வெப்பாலை.
சந்தேகமிருந்தால் அண்ணாந்து பார்க்கலாம்,
நுனி ஒட்டிய இரட்டைக் காய்கள்
இடுக்கி மாதிரித் தொங்கும்.
வாகைக்குக் கண்ணே வேண்டாம்.
லாரி போனதும் நெற்று முழுக்கச்
சில்லறை குலுக்கும்.
அழிஞ்சில் தன் சுள்ளியின் முனையையே முள்ளாக்கி வைத்திருக்கும்,
பேனா பிடித்த விரலில் இன்னும் அதன் கையெழுத்து.
கிளுவையை உடைத்து மோந்தால்
சாம்பிராணிக்குச் சொந்தம் என்று தெரியும்.
தணக்கின் பட்டை வழவழவென்று,
யாரோ துடைத்துவிட்டுப் போனது போல.
பன்னிரண்டாம் எண்ணுக்குப் பெயர் தெரியவில்லை.
'இதர' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை யாராவது என்னைப் பார்த்துச் சொன்னால்
சண்டைக்குப் போயிருப்பேன்.

பெயருக்குப் பிறகு நகம்.
பட்டையை மெல்லச் சுரண்டினால்
உள்ளே பச்சை.
பச்சை, பச்சை, மறுபடி பச்சை.
அய்யங்காளை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டினார்.
பதினேழாம் மரத்தில்
அவரே சாவியால் சுரண்டிக் காட்டினார்:
"இதுவும் உசுருதான், போட்டுக்கங்க."

இருபத்து மூன்று ஒதியன்.
கட்டைவிரல் தடிமன் சுள்ளி,
நுனியில் துருநிறப் பூஞ்சை, பெரிய பெரிய தழும்பு.
ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று கேட்டவர்கள்
அதன் சுள்ளியைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.
எனக்கு எட்டிய கிளையை ஒடித்தேன். மடக்கென்றது.
சுரண்டினேன். பழுப்பு.
இன்னொரு கிளை. பழுப்பு.
மோர் காலி, மணி பன்னிரண்டு,
'பட்டது' என்று நான்தான் அடித்தேன்.
யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

சித்திரையில் இரண்டு நாள் கோடை மழை.
பேருந்தில் அந்த வழியாகப் போனபோது
பள்ளத்தில் கிடந்தது அடிமரம்,
வெள்ளைப் பெயிண்டில் 23 தலைகீழாக.
ஒரு பக்கம் கரி. தார் காய்ச்சிய இடம்.
நான் சுரண்டியதெல்லாம் அந்தப் பக்கம்.
வயல் பார்த்த பக்கத்தை நான் சுற்றிப் போய்ப் பார்க்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில்,
வேரும் இல்லாமல், மண்ணும் தொடாமல்,
விரல் நீளத்துக்குச் செந்தளிர்
ஐந்தாறு.

பேர் சரி.
நிலை தப்பு.

நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார்.
அந்த அடிமரம் எனக்கு எழுதித் தந்திருக்கிறது:
தழும்பு ஒன்று,
எங்கே என்று கேட்டால் காட்ட முடியாத இடத்தில்.