தடித்த எழுத்து

அம்பலத்தடையார் மடத்து வீதியில்
மாவு மில்லுக்கு மேலே எங்கள் அச்சகம்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
வருஷத்துக்கு ஒருதரம் குதிரை ஏலக் கேட்டலாக்.
குதிரைக்கு ஒரு பக்கம்.
இடது ஓரத்தில் குட்டியின் பெயர். அங்கிருந்து கிளைக்கும் கோடுகள்,
மேல்பாதி அப்பன் வழி, கீழ்பாதி ஆத்தாள் வழி.
பெரிய பந்தயம் ஜெயித்த பெயருக்குத் தடித்த எழுத்து,
மற்றதெல்லாம் ஒல்லி.
ஒரு ரேஸ்கூடப் பார்க்காமல் பதினோரு வருஷம்
யார் குண்டு, யார் ஒல்லி என்று நான்தான் அடித்தேன்.

பேப்பர் லான்டர்ன்.
அப்பன் ஹார்பர் லைட், விமானத்தில் வந்திறங்கியவன்.
ஆத்தாள் மார்னிங் பேப்பர்: ஏழு ஓட்டம், வெற்றி இல்லை.
அவளைப் பெற்றவள் ஸ்டில் வாட்டர்: ஓடவில்லை.
அவளையும் பெற்றவள் ஒருத்தி: ஒற்றைக் கண், ஓடவில்லை.
மேலே கறுகறுவென்று ஆண்கள்,
அடியில் எறும்புச் சாரையாய் இவர்கள்.
"இடம் பத்தலன்னா கீழ இருக்கிறத சின்னதாக்கிடு"
என்றார் முதலாளி.
ஆக்கினேன்.

மூன்று வருஷம் கழித்து
அவள் தம்பி ஏலத்துக்கு வந்தபோது
அக்காள் பெயரைத் தடிக்கவைக்க வேண்டியிருந்தது.
பன்னிரண்டு ஓட்டம், ஒன்பது வெற்றி.
கிண்டியில் ஆயிரம் கினி, நான்கு குதிரை நீளம் முன்னால்.
உதகையில் பனிக்குள் பத்துப் பேர் போனார்கள்,
வெளியே முதலில் வந்தவள் இவள்,
நடுவில் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.
பெங்களூரில் மூக்கு நுனியில் தோல்வி.
பன்னிரண்டாவதில் ஜெயித்துவிட்டு
மூன்று காலில் நின்றாளாம்.
அதற்குக் கேட்டலாக்கில் கட்டம் இல்லை.

பிறகு ஈன்றவை என்றொரு பட்டியல்.
ஆண் ஒன்று, ஓடி ஒன்றும் வாங்கவில்லை.
பெண் ஒன்று, பிறந்த மாதமே இறப்பு.
அடுத்த வருஷம்: காலி.
அடுத்ததும்: காலி.
டவுன் பஸ் கண்டக்டர் கத்துகிற அதே சொல்லை
இரண்டு தரம் அடித்தேன்.
மூன்றாம் வருஷம் அவள் பக்கமே வரவில்லை.

போன மார்கழியில் சவரிராயன் என்று ஒருவர்
விசிட்டிங் கார்டு நூறு கேட்டு வந்தார்.
மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை, கிருமாம்பாக்கம்.
கிண்டியில் லாயக்காரராக இருந்தவர்.
லாரி வாடகைக்கு ஒரு கிழத்தைத் தள்ளிவிட்டார்களாம்.
பெயர்?
"லாந்தரு."
"பேப்பர் லான்டர்னா?" என்றேன்.
போலீஸ் விசாரிப்பதுபோல் பார்த்தார்.

ஞாயிறு விடியலில் நரம்பைக் கடற்கரை.
முட்டிவரை அலையில் அவளை நிறுத்தியிருந்தார்,
உப்புத்தண்ணீர் வீக்கத்தை வாங்குமாம்.
இடது முன்னங்காலின் பின்புறம்
நரம்பு வில்லாய்ப் புடைத்திருந்தது.
எந்த எழுத்துருவிலும் நான் அடிக்காதது.

வம்சப் புத்தகத்தில் தேடி எடுத்துப்போயிருந்தேன்.
மார்னிங் பேப்பர், ஸ்டில் வாட்டர், அந்த ஒற்றைக் கண்ணாள்
என்று தாய்க்குத் தாயாய் உரக்கப் படித்தேன்.
இருபத்திரண்டாவதுக்குப் பெயரில்லை,
யாரோ ஒரு துரையின் குதிரை என்று மட்டும்.
ஆக, பெயருள்ள தாய்மார் இவளுக்கு இருபத்தொன்று.
எனக்கு அம்மா ராசகுமாரி, அம்மாவின் அம்மா தையல்நாயகி.
அதற்கு மேலே கேட்க ஆளில்லை.
இனிஷியலில் இருப்பது அப்பா.

தாளை முகர்ந்தாள்.
பெரிதாக ஒரு தும்மல்,
இருபத்தொரு பேர் மீதும் சளி.
சவரிராயன் சிரித்ததில் கயிறு நழுவி
அவர்தான் அலையில் விழுந்தார், அவள் அசையவில்லை.

திங்கட்கிழமை வில்லியனூர்க் கல்யாணம் ஒன்று.
மாப்பிள்ளையின் தாத்தா தாசில்தார், தடித்த எழுத்து.
அப்பா, மாமனார், சித்தப்பாமார், தடித்த எழுத்து.
கடைசி வரி ஓரத்தில்
பெண்ணைப் பெற்றவள் செங்கேணி.
கர்சரை இழுத்துக் கறுப்பாக்கினேன்.

மூன்று மணிக்கு போன்.
"என்னம்மா இது, அந்தப் பேரு குண்டா இருக்கு?"
மெஷின் கோளாறு என்றேன்.
இருநூற்றைம்பது ஓடிவிட்டது,
இன்னும் ஓடுகிறது, சத்தம் கேட்கிறதா என்றேன்.