தூரம்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று
அம்மா கேட்கும்போது
அவள் கேட்பது அதையல்ல.
தேக்கா மளிகைக்கடை கொடுத்த காலண்டருக்கு முன்னால்
சிவப்புப் பேனாவோடு நிற்கிறாள்.
"உனக்கு எப்போ?"

அறுபத்தெட்டு நாளாக
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தேர்வில் படம் வரைந்திருக்கிறேன்.
இருபத்தெட்டு நாள், ஏறி இறங்கும் கோடுகள்,
நடுவில் அம்புக்குறியோடு ஒரு முட்டை.
பத்துக்கு ஒன்பது.
தாதிமைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு, ஆங் மோ கியோ.
என் உடம்பு அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.
முப்பத்தொன்றில் வந்திருக்கிறது, நாற்பத்தேழில்,
ஒருமுறை பத்தொன்பதில்,
பீஷானில் ரயில் மாறும்போது, வெள்ளைச் சீருடையில்.

தமிழ் வகுப்பில் சொன்ன சொல் மாதவிலக்கு.
எனக்கு அதில் மாதம் இல்லை.
ஹஃபிஸா அதை லீவு என்பாள்:
நோன்பு நாளில் கேன்டீன் மூலையில் அவள்
என் மீ சியாமிலிருந்து ஒரு வாய் கேட்டால்
புரிந்துகொள்ள வேண்டும்.
அம்மாவுக்கு அது தூரம்.
அதுதான் சரி.
இந்தத் தடவை ரொம்பத் தூரம்.

தொண்ணூறு தாண்டினால் காட்டவேண்டும்
என்பதும் நான் எழுதிய விடைதான்.
தொண்ணூற்றிரண்டில் போனோம்.
ஈஷூன் பாலிகிளினிக்கில் என் பெயரை
"தெனா ரூவி" என்று கூப்பிட்டார்கள்.
தேனருவி எழுந்து போனாள், பின்னாலேயே அம்மா.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?
"இல்ல" என்றாள் அம்மா, கேள்வி முடியுமுன்.
டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார்,
மிகவும் மரியாதையாக.

பிறகு எல்லாம் கேட்டார்.
இரவு ஷிஃப்ட் எத்தனை, தூக்கம் எத்தனை,
எடை கூடியதா குறைந்ததா, அழுகை வருகிறதா,
மோவாயில் முடி?
இல்லை என்றேன்.
இடுக்கி பென்சில் பையில் இருந்தது.
அவர் காத்திருந்தார்.
ஆமாம் என்றேன்.

சிறுநீர்ப் பட்டையில் ஒற்றைக் கோடு.
இரத்தம் மூன்று குழாய்:
தைராய்டு, சர்க்கரை, இன்னொன்று
பால் சுரப்பதற்கான ஹார்மோனாம்.
பால்குடம் எடுக்க வேண்டிய பெண்ணிடம்!
எனக்குச் சிரிப்பு வந்தது, டாக்டருக்கு விளக்க முடியவில்லை.

ஸ்கேனுக்கு இன்னொரு நாள்.
ஐந்து டம்ளர் தண்ணீர், அடக்கிக்கொண்டு நாற்பது நிமிடம்.
திரையில் என் சூலகம்,
ஓரமெல்லாம் வெந்த ஜவ்வரிசி.
"இது நோய் என்று நினைக்காதீர்கள்,
ஒன்றுமில்லை என்றும் நினைக்காதீர்கள்" என்றார்.
அந்த நடுவிடத்துக்கு எங்கள் வீட்டில் பெயர் இல்லை.

பேருந்தில் அம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:
"கல்யாணத்துக்கு முன்னால எனக்கும் வரல.
நாலு மாசம். உட்லண்ட்ஸ் ஃபேக்டரி, நைட் ஷிஃப்ட்.
வந்த மாதிரி ஒதுங்கி உட்காருவேன்,
யாரும் கேட்கக்கூடாதுன்னு."
பிறகு இறங்கும் மணியை அழுத்தினாள்,
ஒரு நிறுத்தம் முன்னாலேயே.

பத்து நாள் மாத்திரை. நிறுத்தி நான்காம் நாள்,
வார்டில் விடியற்காலை மூன்று மணி,
பன்னிரண்டாம் கட்டிலுக்கு ரத்த அழுத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது
இடுப்பில் அந்தப் பழைய பாரம்.
கழிப்பறையிலிருந்து அனுப்பினேன்: வந்துடுச்சு.
உடனே இரண்டு நீல டிக்.
அவளும் தூங்கவில்லை.

வீடு திரும்பினால் காலண்டரில் சிவப்பு வட்டம்,
அதற்கு மறுநாள் தைப்பூசம்.
அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
அம்மா கையெல்லாம் மாவு.
"விளக்கு இறங்குது பாரு, எண்ணெய் ஊத்து" என்றாள்.
ஊற்றினேன்.

பாதியில்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.
என் கையைப் பார்த்தாள், எண்ணெய்ச் சொம்பை,
முருகனைக் கொஞ்ச நேரம்.
"திரியையும் தூண்டிவிடு" என்று
மாவுப் பக்கம் திரும்பினாள்.