இரண்டேகால் மணி, தங்கச்சிமடம்

எல்லாம் ஒரே டம் டம்தானே என்கிறான் கித்தேரியான்,
கிரீஸ் கையால் என் ஹெட்போனின் ஒரு காதைப் பிடுங்கியபடி.

ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் இடிக்கிறது.
பில் நோட்டை மூடிவிட்டு, எண்ணிப் பார் என்றேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான்:
நூத்தி இருபத்தி நாலு.
அது ஹவுஸ்.

சிகாகோவில் ஒரு மைதானத்தில்
டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள்.
அதே ஊரில் ஒரு கிடங்குக்குள்
கறுப்புப் பையன்கள் அந்தத் தாளத்தை
விடியும்வரை அணையவிடவில்லை.
கிடங்கின் பேரில் பாதிதான் இசைக்கு வந்தது.

டெக்னோ, கார் கம்பெனிகள் மூடிய ஊர்.
தடைக்காலத்தில் மோட்டார் நின்ற பிறகும்
உன் காதுக்குள் ஓடியதே,
அது.

ஜங்கிள் நூற்றறுபதுக்கும் மேலே,
பாம்பன் வாய்க்காலில் நாலு வள்ளம்
ஒன்றையொன்று முந்தப் பார்க்கிற மாதிரி.
லண்டன் மொட்டைமாடிகளில் திருட்டு ஆன்டெனா;
பிடுங்கப் பிடுங்க அடுத்த மாடி.

நடுக்கடலில நமக்கு இலங்கை எஃப்எம் வருமே, அப்படியா?
இல்லை என்றேன்.
கொஞ்சம் கழித்து, ஆமாம் என்றேன்.

டிரான்ஸுக்குப் போகுமுன் லாரி வந்துவிட்டது.
இருபது பாளம், கிரஷர், உப்பு, டீசல் புகை.
திரும்பி வந்தவன் பேசவில்லை.
உதடு மட்டும் அசைந்தது.

இப்ப நூத்தி இருபதுதான், என்றான்.
பெல்ட் நழுவுது.

ஸ்பேனரைத் தேடிப் போனான்,
கழுத்தில் என் ஹெட்போனோடு.