ஒற்றை இடம்

புதுக்கடையில், கோர்ட்டுக்கு எதிரே
கிழிந்த குடையின் கீழ் என் மேசை.
சத்தியக் கடதாசி, காணி உறுதி,
பிறந்தது, செத்தது, கட்டினது,
பக்கத்துக்கு இவ்வளவென்று மொழி மாற்றுகிறேன்.

பிலோமினா வந்தபோது மழை பிடித்துவிட்டது.
நாலாம் குறுக்குத் தெருவில்
இருபத்தாறு வருஷம் நாட்டாமை, அவள் புருஷன் சூசைநாதன்.
லொறிப் பலகையில் வழுக்கி
பெரிய வெங்காய மூட்டை மேலே,
ஆள் கீழே.
"அண்டையிலேருந்து கிடைதான் ஐயா.
அப்பிடியே எழுதுங்கோ."

அப்பிடியே எழுத முடியாது.
உதவிப்பணக் கந்தோருக்குச் சிங்களத்தில் போகவேண்டும்.
'எக்தென்' என்று தட்டினேன்.
பிரித்தால் ஒன்று, இடம்.
ஒரே இடமாகிவிட்ட ஆள்.
நல்ல சொல்தான், குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் சொல்லைத்தான்
இத்தனை வருஷத்தில் பிரித்துப் பார்த்ததில்லை.
கிட. அதன் வாலில் ஓர் ஐ.
அறுத்த வயலில் எருவுக்காக
ஆடுகளை இராத்தங்க விடுவதும் கிடை.
அந்தக் கிடை விடிந்தால் எழும்பிவிடும்,
புழுக்கையை விட்டுவிட்டு அடுத்த வயலுக்கு.
முதலாளியின் கிடங்கும்
இந்த வேரிலிருந்துதான் வந்திருக்கவேண்டும்,
எனக்கு நிச்சயமில்லை.
யாழ்ப்பாணத்தில் குழிக்கும் அதே பேர்.
சுமந்து சுமந்து அவன் நிரப்பியதும் அது,
விழுந்ததும் அது.

"கிடைக்குமா ஐயா?" என்றாள்.
பதில் சொல்லப் போனவன் நின்றுவிட்டேன்.
அந்தச் சொல்லும் அங்கேதான் படுத்திருந்தது,
எழும்பாத ஆளுக்குப் பக்கத்தில்,
ஒரே பாயில்.

"விண்ணப்பிக்கலாம்" என்றேன்.

சிங்களத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள்.
சொன்னேன்.
சிரித்துவிட்டாள். பல்லில் வெற்றிலை.
"ஒரே இடமா? அந்த மனுசனா?
ராவிலே வந்து பாருங்கோ ஐயா.
புளூமெண்டால் ரோட்டிலே எங்கட அறை பத்துக்குப் பத்து.
கண்ணை மூடினாப் போதும்,
'வழி, வழி, பாரம் வருது, வழி' எண்டு கத்துவார்.
பிள்ளையள் நித்திரையிலேயே உருண்டு
சுவரோரம் ஒதுங்குதுகள்.
நானும்தான்."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
முத்திரையை நக்கி ஒட்டினேன்.
ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாள்.
மாற்ற என்னிடம் சில்லறை இல்லை.
பக்கத்து மேசை விமலசேனவிடம் கேட்கப் போனால்
அவன் சாப்பிடப் போயிருந்தான்.