சாயங்காலக் கணக்கு

அறுநூற்றுப் பன்னிரண்டு.
வலைக்குள் விடும்போது இரண்டிரண்டாய் எண்ணு என்றார்
தேவசகாயம்.
எனக்கு ஒவ்வொன்றாய்த்தான் வரும்.
பதினோரு வருஷம் ஆறு மணிக்கு
என்னை அப்படித்தான் எண்ணினார்கள்.

தன்னை எண்ணுகிறார்கள் என்று
வாத்துக்குத் தெரியாது.
முன்னால் போவதைத் திட்டிக்கொண்டே
பின்னால் வருவது போகும்.
நாங்கள் வாய் மூடிக் குந்தியிருப்போம்.
ஒரு தலை குறைந்தால்
எல்லார் சோறும் ஆறிப்போகும்.

திருச்சியிலிருந்து வந்த அன்று
மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டான்:
எங்க போகணும்?
அதற்குப் பதில் எடுக்க
வடுவூர் ஏரி தாண்ட வேண்டியிருந்தது.

ரேஷன் கார்டில் என் பெயர் இல்லை.
மெஷினில் விரல் வைத்தால் ஆள் தெரியவில்லை என்கிறது.
ரேகையெல்லாம் ஜெயில் தறியோடு போச்சு.
தங்கச்சி வீட்டில் ஐந்து நாள்.
மாமா எந்த ஊர்ல வேலை பாத்தாங்க என்று
அவள் பையன் கேட்ட அன்றைக்கு
நானே பையை எடுத்துக்கொண்டேன்.

நன்னடத்தை அலுவலர் ஒரு அம்மா.
தொழில்?
வாத்து மேய்ப்பு.
முகவரி?
சம்பா அறுத்த இடமெல்லாம் என்றேன்.
அப்படி எழுத முடியாதுப்பா என்றார், பேனாவை மூடாமல்.

உரக்கடைக்குப் பின்னால் அறை, மாதம் எண்ணூறு.
யூரியா வாடை.
கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.
போடுவதும் எடுப்பதுமாக
முதல் ராத்திரி முழுக்க அதுவே வேலை.
மாதத்தில் நாலு நாள்கூட அங்கே படுப்பதில்லை.
வாடகை மட்டும் பாக்கி வைத்ததில்லை.

மாசி பிறந்ததும் தேவசகாயம் சொன்னார்:
நாளைக்கு மேலநத்தம்.
அந்த ஊரில் ஒவ்வொரு மடையும் எனக்குத் தெரியும்.
முறைத்தண்ணீர் ராத்திரி ஒரு மணிக்கு எங்களுக்கு,
மூணு மணிக்கு வைரக்கண்ணுவுக்கு.
மூணேகாலுக்கும் நான் மடையை அடைக்கவில்லை.
கையில் மண்வெட்டி இருந்தது.
மீதி கோர்ட்டில் சொன்னதுதான்.

தையல்நாயகி என்னைப் பார்க்காமல்
தேவசகாயத்திடம் பேசினாள்.
ஏக்கருக்கு இருபது முட்டை.
வடக்கு வயல்ல கால் வைக்கக்கூடாது.
வாத்தா, ஆளா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அறுநூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
பதினொன்றுதான்.

வடக்கு வயலில் குரல் கேட்டது.
அறுத்த தாளுக்கு நடுவே
கொஞ்சம் தண்ணீர் நிற்கிற பள்ளம்,
அதில் அது பாட்டுக்கு அலசிக்கொண்டிருந்தது.
வரப்பில் நின்று நாக்கை மடித்துக் கூப்பிட்டேன்.
வரவில்லை.
பத்து எட்டு வைத்தால் பிடித்துவிடலாம்.
போனால் போகட்டும், சம்பளத்தில் கழியட்டும் என்று
திரும்பவும் பார்த்தேன்,
கணக்கு முடியாமல் கால் நகரவில்லை.
இருட்டிவிட்டது.

டார்ச் வந்தது.
முதலில் என் முகத்தில், ரொம்ப நேரம்.
கண்ணை மூடக்கூடாது என்று நின்றேன்.
பிறகு வெளிச்சம் வயலுக்குப் போனது.
சேலையைச் செருகிக்கொண்டு அவளே இறங்கினாள்.
தாள் காலைக் கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.
இறக்கையோடு சேர்த்து அமுக்கித் தூக்கி வந்து
வரப்பின் மேல் வைத்தாள்,
என் கையில் இல்லை.

எண்ணிக்க, என்றாள்.

நோட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு எழுதினேன்.
தேதி போட மறந்து
பிறகு எழுந்து போட்டேன்.

விடிந்து பார்த்தால் முட்டை குறைச்சல்.
நாலு ஏக்கருக்கு அவளுக்கு எண்பது,
அதை முதலில் எண்ணி
வைக்கோல் போட்ட கூடையில் தனியாக வைத்தேன்.
மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது.
தேவசகாயம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:
இடம் மாறினா ரெண்டு மூணு நாளு
அப்படித்தான் இருக்கும். அப்புறம் இடும்.